அறுநூறு கிராம்

காரைக்குடிக்கு அந்த டாக்டர் வருவது
மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. ஷெரின் பாத்திமா.
கழுத்துக்குழியிலிருந்து டேப்பை இறக்கி
ஓர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார்.
ஜாக்கெட் தைக்கும் செல்லமணி
அந்த எண்ணை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வாள்.

"எத்தனை வருஷமா முதுகுவலி?"
பதினாலு வயசிலிருந்து, என்றேன்.
சோலையப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
கல்யாணமாகி ஒன்பது வருஷம்.
அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

தோளில் பட்டை அழுந்திய பள்ளம்.
மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் என்று நானே சிரித்தேன்.
டாக்டர் சிரிக்கவில்லை, விரலால் தடவிப் பார்த்தார்.
மார்புக்கடியில் சித்திரையில் தொடங்கும் புண்
ஆவணிவரை ஆறாது.
பவுடர், களிம்பு, மடித்துச் செருகிய கைக்குட்டை.

பள்ளத்தூரில் பலகாரக் கூடம், நாலு விறகடுப்பு.
தேன்குழல் நாழியை இரண்டு கையாலும் அமுக்க வேண்டும்.
கை போகிற வழியில் நான்தான் இருக்கிறேன்.

குனிந்தே நடந்தேன்.
அடக்கமான பொண்ணு என்றது ஊர்.
"அவளவள் ஏங்குறா, உனக்குக் கசக்குதாக்கும்"
என்றாள் நாத்தனார் மெய்யாத்தா.
"அழகுக்காகவா மேடம்?" என்றான் காப்பீட்டுக்காரன்.
ஆமென்றால் பணம் வராதாம்.
அடுப்புக்காக என்றேன். அப்படி ஒரு கட்டம்
அவன் படிவத்தில் இல்லை.

டாக்டர் தாளில் வரைந்து காட்டினார்.
தழும்பு நங்கூரம்போல் விழுமாம்.
"இன்னொரு பிள்ளை வேணும்னா முதல்ல பெத்துக்கங்க.
பால் குறையலாம், வராமலும் போகலாம்.
எடை ஏறி இறங்காம ஒரு நிலைக்கு வரட்டும்.
ஒரு பக்கத்துக்கு அறுநூறு கிராம் எடுக்கலாம், சுமாரா."

பஸ் கோட்டையூர் தாண்டும்வரை
சோலையப்பன் பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்து,
"வலி போகும்னா செஞ்சுக்க" என்றார்.
நல்ல மனுஷன்தான்.
ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை
அவர் பக்கத்தில் இருந்ததால்தான் கேட்காமல் வந்தேன்.

கூடத்தைப் பூட்டும் நேரம்.
தராசில் சீப்புச் சீடையை அள்ளிப் போட்டேன். அறுநூறு.
இன்னொரு பையிலும் அறுநூறு.
தினமும் எத்தனையோ முறை நிறுக்கிறேன்,
சிங்கப்பூருக்குப் போகிறது, கோலாலம்பூருக்குப் போகிறது.
இதற்கா பதினெட்டு வருஷம் குனிந்தேன்?
இரண்டு பையையும் துண்டில் முடிந்து
கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நாழியைக் கழுவினேன்.
விறகை உள்ளிருந்து இழுத்துத் தணித்தேன்.
பிறகு கழற்றினேன்.
போனது பைகளின் எடை மட்டும், என்னுடையது அப்படியே.
ஆனாலும் ஒரு கணம்
முதுகு தப்பாக நம்பி நிமிர்ந்துவிட்டது.

அந்தச் சீடையை விற்க மனம் வரவில்லை.
கல்லாவில் காசைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
பையன் டிவி பார்த்துக்கொண்டே கொறித்தான்.

மறுநாள் கிணற்றடியில் நின்று போன் செய்தேன்.
"தொட்டா தெரியுமா, டாக்டர்?"
அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி.
"நிறைய பேருக்குத் திரும்பிடும். சிலருக்கு இல்லை.
உங்களுக்கு எதுன்னு இப்ப சொல்ல முடியாது."
பொய் சொல்லாததால் அவரைப் பிடித்தது.
சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில்
புத்தகப் பையை முன்னால் அணைத்து மறைத்ததும் இதைத்தான்.
விளக்கணைந்தபின்
எனக்கென்று இருந்ததும் இதுதான்.

தீபாவளி ஆர்டர் முந்நூறு கிலோ நிற்கிறது.
"ஐப்பசி கழியட்டும்" என்றேன்.
தாள் புரளும் சத்தம்.
"கார்த்திகையில முதல் முறை வர்ற சனிக்கிழமை?"
சரியென்று சொல்ல நாக்கு எழவில்லை.
வேண்டாமென்றும் எழவில்லை.
"எழுதி வைங்க" என்றேன்,
"பென்சில்ல."